நான் மட்டைப் பெட்டிக்குள் இருந்த காலை

அதிகாரிகளைக் கண்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இன்றைக்கும் அப்படித்தான். ஒரு தடவை மட்டும் கால் ஓடியது. ஓடி என்னை ஒரு மட்டைப் பெட்டிக்குள் கொண்டுபோய் இருத்தியது.

ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சிறிய கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியராகச் சேர்ந்த புதிது. என் வகுப்பில் ஜெனிற்றா என்றொரு பிள்ளை. ஓட்டிசம் உள்ளவள், அதிகம் பேசமாட்டாள், சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். அவளுக்காக, யாரோ வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, மூலையில் சரித்து, தலையணை போட்டு 'அமைதி வீடு' அமைத்தேன். சட்டங்களையும் நானே எழுதி ஒட்டினேன். ஒருவர் உள்ளே போனால் வாசலில் சிவப்பு அட்டை தொங்கவேண்டும். சின்ன மணிக்கூட்டை ஐந்து நிமிடத்துக்குத் திருகவேண்டும். அது 'கிணிங்' என்னும்வரை ஒருவரும் கதைக்கக்கூடாது. கதைத்தால் திரும்பவும் ஐந்து நிமிடம். (பெரிய சட்ட மேதை என்ற நினைப்பு!) வெளியே வரும் பிள்ளையிடம், "இப்ப சரியோ?" என்று கேட்பேன்.

ஜெனிற்றா எங்களோடேயே படிக்கலாமா, யாழ்ப்பாணத்தில் உள்ள விசேட வகுப்புக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்யக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அம்மையார் வருவதாக இருந்தது. அனுப்பினால் தாயும் மகளும் தினமும் சன நெரிசலான பஸ்ஸில் அலையவேண்டும். சத்தம் தாங்காத பிள்ளை அது. அவளுக்காக வாதாடவேண்டிய வீரன் நான்.

பத்து மணிக்கு என்றவர் எட்டரைக்கே வந்துவிட்டார். வாகனச் சத்தம் கேட்டதும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு நிமிடம் மூச்சு வாங்கலாம் என்று அமைதி வீட்டுக்குள் புகுந்தேன். ஆறடி உடம்பில் முழங்கால்வரை உள்ளே போனது. மிச்சம் சப்பாத்தோடு வெளியே கிடந்தது.

ஜெனிற்றா வந்தாள். அட்டையைத் தொங்கவிட்டாள். மணிக்கூட்டைத் திருகிவிட்டு வாசலை மறித்து உட்கார்ந்தாள்.

"சேர் எங்க?" பாடசாலை அதிபர் சிஸ்டரின் குரல். வகுப்பே வாயைத் திறக்கவில்லை. ஜெனிற்றா மறுபடி திருகினாள்.

"உதென்ன, சப்பாத்து?" என்றார் அம்மையார். கிர்ர்ர்.

"சேர், வெளியில வாங்கோ!" கிர்ர்ர்.

"சிஸ்டர், நான் வந்து..." என்றேன். (எழுதியவனே சட்டத்தை மீறினான்.) கிர்ர்ர்.

பிறகு கதிரை இழுபடும் சத்தம். அம்மையார் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் உட்கார்ந்து, சிஸ்டரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாராம். ஐந்து நிமிடம் ஒரு குருவிச் சத்தமில்லை. ஜெனிற்றாவின் கதை என்னால் முடிந்தது என்று உள்ளே அழுகை வந்தது.

கிணிங்.

பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தேன். ஜெனிற்றா அட்டையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப சரியோ?"

"ஓம்" என்றேன்.

அம்மையார் பாடசாலைச் சம்பவப் புத்தகத்தில் எழுதினார்: 'ஜெனிற்றா இங்கேயே படிக்கட்டும். வகுப்பு விதிகளை நன்கு அறிந்தவர் அவரே. ஆசிரியருக்குப் பெரிய பெட்டி தேவை.'

இப்போது வீட்டில் நான் குரலை உயர்த்தினால் மனைவி பதில் பேசுவதில்லை. குசினியிலிருந்து சிவப்புத் துவாயை எடுத்துவந்து அறைக் கதவில் தொங்கவிடுவாள். மகள் மணிக்கூட்டைத் திருகுவாள். 'கிணிங்' கேட்டதும் இருவருமாகக் கதவைத் திறப்பார்கள்.

"இப்ப சரியோ, சேர்?"

ஓம் என்று சொல்லும்வரை சோறு கிடையாது.