சவுண்டு செக்கில் வந்த சாமி

கிட்டார் வாசிப்பவனுக்குக் கைவிரலைவிடக் கால் கட்டைவிரலில்தான் அரிப்பு அதிகம். காரணம், பெடல் என்று ஒரு பெட்டி. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும். ஒரு மிதி மிதித்தால் கிட்டார் கிணற்றுக்குள் இருந்து பாடும். இன்னொரு மிதியில் ரம்பமாக அறுக்கும். இப்படிப் பல சத்தங்களை ஒரே பெட்டியில் அடைத்து விற்றால் அதற்கு மல்டி எஃபெக்ட்ஸ் என்று பெயர்.

புதுக்கோட்டையில் சேகர் அண்ணன் நடத்திய இன்னிசைக் குழுவில் நான்தான் கிட்டார். (மேடையில் கிட்டார் இருந்தது என்பதே பலருக்கு போட்டோவைப் பார்த்துத்தான் தெரியும்.) கிட்டார் சத்தத்தையும் கீபோர்டுக்காரரே வாசிக்க ஆரம்பித்திருந்த நேரம். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒனக்குன்னு ஒரு சத்தம் இருந்தாத்தான் மேடைல எடம். ஒங்க மாமனார் ஊரு கச்சேரி வரைக்கும் பாப்பேன்."

கல்யாணமாகி முதல் வருடம். மாமனார் ஊர் ஆலங்குடிப் பக்கம். அங்கே வைத்து மேடையை விட்டு இறக்கினால் மனைவி செல்வி முகத்தில் எப்படி விழிப்பது? மறுநாளே திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். சின்னதைக் காட்டி, "ஏழெட்டு சத்தந்தான், ஆனா சுத்தமா இருக்குங்க" என்றார். பெரியதைக் காட்டி, "இதுல எரநூறு இருக்குங்க. பாதி எதுக்குன்னு எனக்கே தெரியாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். எதற்கென்றே தெரியாத ஒரு சத்தத்தைக் கேட்காமல் எப்படி வீடு திரும்புவது? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும் வரை ஒவ்வொன்றாக மிதித்துக் கேட்டேன். அதில் ஒன்று, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி முனகியது. இது எந்தப் பாட்டுக்கு ஆகும் என்று யோசித்தேன். விடை கிடைக்கவில்லை, பெட்டியை வாங்கிவிட்டேன். ஹெட்ஃபோனில் கேட்டு பெடல் வாங்குவதும் போட்டோவைப் பார்த்து மாடு வாங்குவதும் ஒன்று என்று அப்போது தெரியாது.

மாமனார் ஊரில் மது எடுப்புத் திருவிழா. பெண்கள் குடத்தில் நெல் நிரப்பி, தென்னம்பாளை செருகி, பூச்சுற்றித் தலையில் சுமந்து கோயிலுக்குப் போவார்கள். சாமி வந்து முன்னே நடந்தால்தான் குடம் கிளம்பும். சாமியை வரவழைப்பது உறுமி மேளம். சாமி வருவது என் மாமனார் மேல். சாயங்காலம் ஊர்வலம், அது முடிந்த பிறகு எங்கள் கச்சேரி.

மதியமே மேடையேறி சவுண்டு செக் பார்த்தோம். உறுமிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாமா எதிரே நாற்காலி போட்டு, மாப்பிள்ளை அப்படி என்னதான் வாசிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முனகல் ஞாபகம் வந்தது. பெரிய ஸ்பீக்கரில் அது எப்படிக் கேட்கும்?

மிதித்து, தடித்த கம்பியை இழுத்து விட்டேன். அடிவயிற்றைப் பிடித்து உலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அச்சு அசல் உறுமி. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இதுதான் எனக்கான சத்தம் என்ற பூரிப்பில் இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன்.

எதிரே நாற்காலி கவிழ்ந்தது. மாமா தலையைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"யார்ரா என்னையக் கூப்புட்டது?"

மொத்தக் குழுவும் என்னைக் காட்டியது. கீபோர்டுக்காரர் இரண்டு கையாலும் காட்டினார்.

"எதுக்குக் கூப்புட்ட?"

மாமா என்பதா, சாமி என்பதா? "சவுண்டு செக்... சாமி" என்றேன்.

சாமி கொஞ்சம் யோசித்தது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சாமி."

"அப்ப நான் மலையேறவா?"

ஏறுங்க சாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"வந்த சாமிய வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா மாப்ள? உறுமிக்காரங்க வார வரைக்கும் அந்தச் சத்தத்த நிப்பாட்டிராதீங்க."

ஒரு கையில் சோற்றுப் பருக்கையோடு அவர்கள் வந்து சேரும்வரை நான்தான் உறுமி. ஈரத் தலையும் பாதிப் பூச்சுற்றிய குடமுமாகப் பெண்கள் ஓடிவந்தார்கள். பாளை செருகாத குடத்தோடு வந்த என் மாமியார் மேடையை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டேன்.

உச்சி வெயிலில் ஊர்வலம் போய்த் திரும்பிய ஊர், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டது. நாங்கள் ஜெனரேட்டர்காரருக்கு மட்டும் கச்சேரி செய்தோம். சேகர் அண்ணன் கோபப்படக்கூட இல்லை. "இனிமே கீபோர்டே பாத்துக்கும் தம்பி" என்றார். வேனில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு ஆசையாக வாங்கிய பெட்டி மடியில் இருந்தது.

மாமாவுக்கு எதுவும் நினைவில்லை. (சாமியாடிகளுக்கு இருக்காதாம்.) மறுநாள் போனில், "கச்சேரி நல்லபடியா நடந்துச்சா மாப்ள?" என்றுகூடக் கேட்டார்.

ஆனால் ஊருக்கு நினைவிருந்தது, செல்விக்கும் நினைவிருந்தது. இன்றைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்து நின்றால், அடுப்படியில் இருந்து என்னைத்தான் கேட்பாள், "நீங்க எதையாச்சும் மிதிச்சீங்களா?"

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், முன்தகவல் ஏதுமின்றி மாமா நிற்கிறார். கையில் பலாப்பழம், முகத்தில் ஒரு சிரிப்பு.

"மிதிச்சீங்கபோல மாப்ள," என்றார். "வந்துட்டேன்."