வெள்ளவத்தை எக்காளப் போர்

வாழ்க கொன்ஸ்ரன்ரைன்! கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகக் கந்தோர் உத்தியோகத்தில் தலைநரைத்து, மகள் வாங்கிய மாடிவீட்டில் வெள்ளவத்தைக் கடற்காற்றை உண்டு வாழும் ஓய்வூதியக் கோமான், வெண்பஞ்சுத் தலையன், கைவைத்த பெனியனே கவசமெனப் பூண்டோன், ஒத்த வயதினர் ஊன்றுகோல் ஏந்தும் அறுபத்தெட்டில் எக்காளம் ஏந்திய எழுச்சியன்! இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாளே, அவன் ஊதியதைக் கேட்டும் வானுலகை விட்டு ஓடாது நின்ற பொறுமைத் தாயே, இக்கதை சொல்லும் நாவுக்குத் துணை நில்.

எட்டு வயதில் மூண்டது அந்தத் தீ. பங்குக் கோவில் திருநாளன்று, திருச்சொரூபத்துக்கு முன்னே பொன்னிறம் தெறிக்க எக்காளம் முழங்கிச் சென்ற பாண்ட் வாத்தியக்காரனின் பின்னால், ஒரு செருப்பு கழன்றதும் அறியாமல் ஓடியவன் அவன். அன்றே சபதம் பூண்டான். முதலில் படிப்பு என்றார் தகப்பனார். முதலில் உத்தியோகம் என்றார் தாயார். முதலில் வீடு என்றாள் மனைவி பேர்ணடெற். முதலில் நாங்கள் என்று வாய் திறவாமலே சொன்னார்கள் பிள்ளைகள். இவ்வாறு முதல்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாய் முடிந்து, வேறு முதல் எதுவும் எஞ்சாத ஒரு நன்னாளில், புறக்கோட்டைப் பழைய சாமான் கடையொன்றில் தூசு மூடிக் கிடந்த எக்காளத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தான்.

முதல் முழக்கத்தில் எதிர்மாடிக் காகங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. குசினியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள் பேர்ணடெற்.

"இஞ்சாருங்கோ, கப்பல் ஏதும் கரை தட்டிப் போச்சோ?"

கப்பலைக் கேட்டே காது பழுத்த நம் வீரன் இந்த வசையைப் பொறுத்தான். பொறுக்க இயலாதது மறுநாள் லிஃப்டுக்குள் ஒட்டப்பட்டிருந்தது. "இதனால் சகல குடியிருப்பாளர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இக்கட்டடத்தினுள் இசைக்கருவி, மா அரைக்கும் இயந்திரம், சேவல் ஆகியவற்றால் ஒலி எழுப்புதல் முற்றாகத் தடை. உத்தரவு: செயலாளர், முகாமைத்துவக் குழு." அச்செயலாளர் வேறு யாருமல்லர். நேர் மேல்மாடியில் வீற்றிருப்பவர். பல்லாண்டு கணிதம் புகட்டி, ஒரு பார்வையால் வகுப்பறைகளை உறையவைத்து ஓய்ந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நோக்கினால் தண்ணீர் மோட்டாரும் தானாய் நின்றுவிடும் என்று காவலாளி அஞ்சும் ஹமீமா டீச்சர்.

அஞ்சினானா கொன்ஸ்ரன்ரைன்? அஞ்சினான். ஆயினும் அஞ்சியவனுக்கே உபாயம் தோன்றும் அன்றோ! கட்டடத்தின் காலடியில், கடலுக்கும் மதிலுக்கும் நடுவே, கொழும்புக் கோட்டைக்கும் பாணந்துறைக்குமாக இரும்புக் கடலெனக் குமுறி ஓடுகின்றன புகையிரதங்கள். அந்தக் குமுறலுக்குள் ஒளிந்து ஊதினால் எவர் அறிவார்? அன்றுமுதல் பேர்ணடெற் பல்கனிக் காவலில் அமர்ந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே பம்பலப்பிட்டித் திசையையும் தெஹிவளைத் திசையையும் மாறிமாறிக் கண்காணித்து, தூரத்தில் புகையிரதத்தின் முகம் தெரிந்ததும் "வருது!" என்பாள். உள்ளே நம் வீரன் மார்பை விரித்து, கன்னங்களைப் பலாக்காயென உப்பவைத்து, தண்டவாளம் அதிரும் கணத்தில் தானும் அதிர்ந்து, கடைசிப் பெட்டி கடந்ததும் வாளை உறையிலிட்டவன்போல் எக்காளத்தைத் தலையணைக்கு அடியில் இடுவான். காலையில் கந்தோர் போகும் கூட்டத்தோடு பாடத்தின் தொடக்கம். மாலையில் அவர்கள் திரும்புகையில் அதன் தொடர்ச்சி. மாதக்கணக்கில் இவ்வாறு நடந்தது அம்மறைப்போர்.

ஒரு குறை மட்டும் இருந்தது. திருநாளுக்குரிய மாதா பாடலுக்கு அடிகள் நான்கு. எவ்வளவு நீண்ட புகையிரதமும் மூன்றாம் அடியின் வாசலில் அவனைக் கைவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். மிச்சத்தை அடுத்த புகையிரதத்தில் ஊதினான். ஆகவே பாட்டின் தலையையும் அறிவான், காலையும் அறிவான். இரண்டும் ஓருடலில் பொருந்திநின்று அவன் கண்டதில்லை.

இந்நிலையில் பங்கின் பாண்ட் தலைவன், பழைய பள்ளித் தோழனின் மகன் றொஹான், நம் வீரனின் விண்ணப்பத்துக்கு விடையாகத் தொலைபேசியில் ஆணையிட்டான்.

"அங்கிள், சனிக்கிழமை வாங்கோ. பாட்டை முழுக்க, நிப்பாட்டாம ஒருக்கா ஊதிக் காட்டோணும். ஊதினா இந்தத் திருநாளுக்கு எங்களோட நடப்பியள். இல்லாட்டி வழமைபோல சனத்தோட வாங்கோ."

சனத்தோடு! அறுபதாண்டு சனத்தோடு நடந்த கால்கள் இன்னோர் ஆண்டும் அவ்வாறு நடக்க மறுத்தன. இனி ஒரே நம்பிக்கை, மேலே போவதும் கீழே வருவதுமாக இரு புகையிரதங்கள் வீட்டுக்கு நேரே ஒன்றையொன்று கடக்கும் அரிய முகூர்த்தம். வெள்ளி மாலையில் அது வாய்க்கும் என்று கணித்து, சட்டை மாற்றி, உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக் காத்திருந்தான். பல்கனியிலிருந்து "வருது" என்ற சொல் வரவேயில்லை. வானொலிதான் சொன்னது: புகையிரத ஊழியர்கள் அன்று நண்பகல் முதல் வேலைநிறுத்தம்.

அந்தோ, நிசப்தமே! படைகள் யாவும் பின்வாங்கிய களத்தில் தனித்து நின்ற வேந்தன்போல் நின்றான். கடல்கூட அன்று பார்த்து அடங்கிக் கிடந்தது. விடிந்தால் சனிக்கிழமை. இறுதியில், குளிக்கும் துவாயை எக்காளத்தின் வாயில் திணித்து, அலுமாரியைத் திறந்து, பேர்ணடெற்றின் சாரிகளுக்கு நடுவே தலையை நுழைத்து, ஊதினான். முதலாம் அடி சென்றது. இரண்டாம் அடி சென்றது. மூன்றாம் அடியின் வாசலில், போகும் புகையிரதம் ஒன்றுமில்லாதபோதும், உதடு பழக்கத்தில் தானாகவே நின்றது.

அக்கணமே கதவில் இடி விழுந்தது.

பேர்ணடெற் திறந்தாள். வாசலில் ஹமீமா டீச்சர். நம் வீரன் துவாய் தொங்கும் எக்காளத்தோடு, தோளில் ஒரு சாரித் தலைப்போடு வெளிப்பட்டான்.

"கோச்சி இல்லாத நாள்லயும் அங்கயே நிப்பாட்டிட்டீங்களே, மிஸ்டர் கொன்ஸ்ரன்ரைன்!"

"எங்க, டீச்சர்?"

"அந்த மூணாவது வரியிலதான். எத்தின மாசமாக் கேட்டுக்கிட்டு ஈக்கிறன்."

"ரெயின் சத்தத்துக்குள்ள உங்களுக்குக் கேக்குதோ?"

"கோச்சிச் சத்தமா? நீங்க ஊதுற நேரம் கோச்சி போறதுதான் எங்களுக்குக் கேக்கிறல்ல. என்ட மருமகன் ரெண்டு தரம் கோச்சியத் தவறவிட்டுட்டார்."

மாதக்கணக்கான மறைப்போரின் கோட்டைகள் யாவும் அந்த ஒரு வாக்கியத்தில் மணலாய்ச் சரிந்தன. எக்காளத்தின் வாய்க்குப் பின்னால் நின்றவனுக்குத்தான் புகையிரதம் பெரிதாகக் கேட்டிருக்கிறது போலும்.

"அப்ப ஏன் டீச்சர் ஒண்டும் சொல்லேல்ல?"

"நான் சொல்லத்தான் நெனச்ச. பாட்டு முடியட்டும், பொறகு ஏசுவம் எண்டு பாத்துக்கிட்டு ஈந்த. மிச்சத்த வேறொரு கோச்சிக்கு ஊதினா அது முடிவா? நீங்க ஒரேயடியா முடிச்சாத்தானே? நான் கறி ஆக்கிற நேரம் பாட்ட அந்தரத்துல விட்டுட்டுப் போவீங்க. பொறகு பகல் முழுக்க என்ட தலைக்குள்ள அதுதான். இண்டைக்கு முடிவக் கேக்காம நான் மேல போக மாட்டன்."

"இருங்கோ டீச்சர்," என்று கதிரையை இழுத்தாள் பேர்ணடெற். "தேத்தண்ணி ஒண்டு?"

"வேணாம். முதல்ல முடிவு."

துவாய் களையப்பட்டது. ஊதினான் கொன்ஸ்ரன்ரைன்! முதலிரு அடிகளும் முரசறைந்து முன்செல்ல, மூன்றாம் அடியின் வாசலில் கால் இடறியும் விழாமல், புகையிரதம் எதுவும் ஏற்றிச் செல்லாத அந்த அந்நிய நிலத்தில் தன்னந்தனியே நடந்து, நரம்பு புடைத்து, விழி பிதுங்கி, நான்காம் அடியின் உச்சியில் தும்மலுக்கும் சங்கநாதத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியை எழுப்பி, முடித்தான்.

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நோக்கினார்.

"முடிஞ்சா?" என்றார் டீச்சர்.

"முடிஞ்சுது."

"இதுக்குத்தானா நான் இத்தின நாள் காத்திருந்த!" என்று எழுந்தவர், வாசலில் திரும்பினார். "நாளைக்கு ஊதுற நேரம் கடைசி வரிக்கு முந்தி மூச்ச எடுங்க. முகம் கத்தரிக்கா மாதிரி ஆகுது."

மறுநாள், வேலைநிறுத்தத்தால் பிதுங்கி வழிந்த பஸ்ஸில் எக்காளத்தை மார்போடணைத்து, ஏறியவர் இறங்கியவர் அனைவரதும் முழங்கைகளை விழுப்புண்களாய் ஏற்று, பிறந்த மண்ணாம் கொட்டாஞ்சேனையை அடைந்தான். பங்கு மண்டபத்தில் பாண்ட்காரர் அனைவரும் பார்த்திருக்க ஊதினான், மூச்செடுத்தான், முடித்தான். மண்டப யன்னல்கள் அடங்கச் சற்று நேரம் சென்றது. றொஹான் காதைத் தடவியபடி தீர்ப்புரைத்தான்.

"சுருதி அங்கால இஞ்சாலதான், அங்கிள். ஆனா ஊர்வலத்தில லைட்டுக்கு ஜெனரேட்டர் ஒண்டு எங்களுக்குப் பின்னாலயே வருமெல்லோ? அதுக்கு மேலால கேக்கிற மாதிரி ஊதுற ஆள் இவ்வளவு காலமும் எங்களிட்ட இல்ல."

முழங்குக முரசு! பொழிக பூமழை! அறுபதாண்டு காத்திருந்த அவா முடிசூடிய அந்நாளை, கொட்டாஞ்சேனைக் குறுந்தெருக்களும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் கடலின் எண்ணற்ற அலைநாவுகளும் எந்நாளும் எடுத்தியம்புக!

கொன்ஸ்ரன்ரைனைப் பாண்டில் சேர்த்துக்கொண்டார்கள், தொப்பிதான் கொஞ்சம் பெரிது.