பெஞ்சுக்கு மேல் ஒரு சென்சார்

அலுவலர்கள் இருக்கையில் இருக்கிறார்களா என்பதை மனிதரை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒருவழியாக ஒப்புக்கொண்ட மாட்சிமை பொருந்திய அரசாங்கம், அந்தப் பொறுப்பைக் கூரையிடம் ஒப்படைத்தது. அதன்படி அதியமான்கோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் சான்றிதழ் அலுவலகத்துக்கும் ஃபால்ஸ் சீலிங் வந்தது. அதற்கு மேலே சென்சார் வயர் இழுத்தவன் அடியேன், ஒயர்மேன் மாது.

சென்சார் என்றால் முட்டை அளவு ஒரு வெள்ளைக் குமிழ். கீழே ஆள் அசைந்தால் அதிகாரி அறையில் லைட் எரியும், ஃபேன் ஓடும், மேலிடத்துக் கம்ப்யூட்டரில் ‘அதிகாரி பணியில் உள்ளார்’ என்று பச்சை விழும். பத்து நிமிஷம் அசைவில்லை என்றால் லைட் அணையும். கால் மணி நேரமானால் சிவப்பு, கூடவே மெமோ.

என் வேலையில் ஒரு குறை சொல்லிவிட முடியாது. கரண்டு வயரிலிருந்து ஒரு முழம் தள்ளி, சீலிங் தகட்டின்மேல் படாமல் கொக்கியில் தொங்கவிட்டிருந்தேன். கடைசித் தகட்டை மூடப்போகும் நேரம் அதிகாரி மாதவராஜ் வாஸ்துக்காரரோடு வந்து நின்றார்.

“என் தலைக்கு மேல வயர் போவுதாமே? எடுங்க. பதவிக்கு ஆவாதாம்.”

“வயர எடுத்தா சென்சார் வேலை செய்யாதுங்க சார்.”

“அதையும் சேர்த்துத் தள்ளுங்க. ஈசான மூலைக்கு.”

அந்தக் கட்டிடத்தின் ஈசான மூலை அவர் அறையிலேயே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், மனு கொடுக்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சு வரிசையில் இருந்தது.

“சார், அது உங்களப் பாக்காதுங்க. பெஞ்சத்தான் பாக்கும்.”

“பாக்கட்டுமே! மக்களைப் பாக்கத்தானய்யா அரசாங்கம் இருக்குது?”

சொன்னபடியே மாற்றிக் கொடுத்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் அதன் பேர் ‘அதிகாரி இருக்கை’ என்றே இருந்தது. பேர் மாற்றத் தனி உத்தரவு வேண்டுமாம்.

சனங்கள் காலை எட்டு மணிக்கே வந்து இடம் பிடித்தார்கள். கொசு அடித்தார்கள், முதுகு சொறிந்தார்கள், சாயங்காலம் வரை அசைந்துகொண்டே இருந்தார்கள். மாதவராஜ் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போன அன்றும் பச்சைதான். ‘அயராத அலுவலர்’ என்று கேடயம் கொடுத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மனுஷன் வாய்தவறி அல்ல, கைதவறி நாற்பது சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெஞ்சு காலியானது, சிவப்பு விழுந்தது. வேலை செய்த அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று மெமோ வந்தது. அதற்கப்புறம் அவர் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா என் மகள் கோகிலவாணிக்குக் காலேஜில் சீட் கிடைக்க வேண்டும்! எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அதை ஆன்லைனில் ஏற்றாவிட்டால் சீட் வேறு பிள்ளைக்கு. நான் மாட்டிய சென்சாருக்குக் கீழே நானே ஒன்பது நாள் உட்கார்ந்தேன்.

அலுவலக உதவியாளர் முனிராஜிடம் கெஞ்சினேன். “சென்சார மாத்தி மாட்டிடறனுங்க. பத்து நிமிச வேல.”

“சீலிங்கத் தொறக்கணும்னா மனு குடுங்க.”

“குடுத்தா?”

“பெஞ்சுல உக்காருங்க.”

வெள்ளிக்கிழமை நாலரை மணி. முனிராஜ் டீ வாங்கப் போனார். நான் மெதுவாகச் சொன்னேன்: “யாரும் அசையாதீங்க. அவரே ஓடி வருவாரு பாருங்க.”

“கொசு கடிச்சா?” என்றார் ஒருவர்.

வாரிசு சான்றிதழுக்காக வத்தல்மலையிலிருந்து தினமும் இறங்கி வந்துகொண்டிருந்த குள்ளம்மாள் அவரை முறைத்தார். “மூணு மாசமா என் மனு அசையல. நா பத்து நிமிசம் அசையாம இருக்க மாட்டனா?”

இருபத்து மூன்று பேரும் மரம் மாதிரி இருந்தோம். உள்ளே ஃபேன் நின்றது, லைட் அணைந்தது. மாதவராஜ் வேர்வையோடு அறை வாசலுக்கு ஓடி வந்தார்.

“என்னாச்சு? ஆடுங்கய்யா! யாராச்சும் தும்முங்க!”

அவரே பெஞ்சுப் பக்கம் வந்து கையை ஆட்டியிருக்கலாம். ஆனால் அதிகாரி மனுதாரரிடம் வருவது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை.

“கையெழுத்துப் போட்டா ஆடறோம் சார்” என்றேன், உதடு அசையாமல்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனுக் கட்டை அள்ளி வந்து வாசலிலேயே பிரித்தார். மேலே இருந்தது கோகிலவாணியின் தாள். பேனா மூடியைத் திறந்தார். எல்லார் கண்ணும் பேனா முனையில். முனை தாளைத் தொட்டது.

“போட்டுட்டாருடா!”

பெஞ்சே துள்ளி எழுந்தது. கை தட்டினோம், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். லைட் பளிச்சென்று எரிந்தது, ஃபேன் சுற்றியது. மாதவராஜ் நிமிர்ந்து பார்த்தார். தாளில் ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“சிஸ்டம் சரியாயிடுச்சு. திங்கக்கெழம வாங்க.”

மறுபடி உட்கார்ந்து அசையாமல் இருக்கப் பார்த்தோம். முனிராஜ் டீயோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மணி ஐந்தாக இரண்டு நிமிஷம். பிரவுசிங் சென்டரில் காத்திருந்த கோகிலவாணியிடமிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் தைரியமில்லை.

“மொதல்ல கத்திக்கிட்டு எந்திரிச்சது எவன்?” என்று குள்ளம்மாள் கேட்டார். எல்லாரும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அது நான்தான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அங்கே மற்றவர்களோடு சேர்ந்து, “அதானே, எவன் அவன்?” என்று நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.