எழுபத்தைந்தாவது நகர்த்தல்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். நேற்று மத்தியானம் வரை யாரும் நலமாக இல்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மகளின் கல்யாணத் தேதி பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வந்த இடத்தில் சம்பந்தி என் செஸ் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் பேசலாமே" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். பஸ் டிப்போவில் நேரம் குறித்த மனுஷர், ஒரு காயைத் தொட எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறார் தெரியுமா? வெட்டுப்பட வேண்டியதெல்லாம் வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு ராஜா, ஒரு யானை, நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நகர வழியில்லாத ஒரு சிப்பாய், அவ்வளவுதான் மிச்சம். ஜெயிக்கவும் வழியில்லை, தோற்கவும் மனசில்லை. "சமன்னு வச்சுக்கலாமா?" என்று நானா கேட்பேன்? பெண்ணைப் பெற்றவன் இறங்கி வந்தான் என்று ஆகிவிடாதா? அவரோ, "ஆட்டம் முடியட்டும், அப்புறம் தேதி" என்று யானையை அங்குமிங்கும் ஓட்டுகிறார். சம்பந்தியம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு, "ஏங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம், கிளம்புங்க" என்று எழுந்தே விட்டார். என் வீட்டுக்காரி சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே அக்கா!

அப்போதுதான் மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மாமா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. எந்தக் காயும் வெட்டுப்படாம, சிப்பாயும் நகராம ஆளுக்கு அம்பது தடவை ஆடிட்டா, யாராவது ஒருத்தர் சமன் கேக்கலாம். எழுபத்தஞ்சு ஆயிட்டா யாரும் கேக்கவே வேணாம், ஆட்டம் தானா முடிஞ்சுடும். கடைசி வெட்டுலருந்து எண்ணிட்டிருக்கேன். இப்ப எழுபது."

"அப்ப இழுத்துக்கிட்டே போக முடியாதாம்மா?" என்றார் சம்பந்தி.

"முடியாது மாமா. ஒவ்வொரு வெட்டுக்கும் எண்ணிக்கை முதல்லருந்து ஆரம்பிச்சாலும், முழு ஆட்டமும் எட்டாயிரத்து எண்ணூத்திச் சொச்சம் நகர்த்தல்ல நின்னே ஆகணும்."

"எட்டாயிரமா!" சம்பந்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மிச்ச ஐந்தையும் யோசிக்காமல் ஆடித் தள்ளினோம். "முடிஞ்சுது" என்றாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சம்பந்தி, எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு" என்றார். யாரும் கேட்கவில்லை, யாரும் இறங்கவில்லை. அடுத்த மாதம் கடைசி ஞாயிறு என்று தேதியும் குறித்தாகிவிட்டது. அப்பாடா!

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாய் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நன்றாகத் தூங்கி எழுந்த உன் தம்பி.

பி.கு.: மகள் இப்போதுதான் சொன்னாள். அப்போது எழுபது ஆகவில்லையாம், நாற்பதுதானாம். சம்பந்தியம்மா கைப்பையை எடுத்ததும் முப்பதைக் கூட்டிச் சொல்லிவிட்டாளாம். சம்பந்தி காதுக்கு இது போகவே கூடாது. ஆனால் அடுத்த நகர்த்தலில் அவர் யானையை நான் வெட்டியிருப்பேன் என்பதை மட்டும், கல்யாணத்துக்கு வரும்போது, போகிறபோக்கில் அவரிடம் சொல்லிவை.