கரடிக்கு எட்டாத உயரத்தில் ஒரு பை

உலகத்தில் சும்மா கிடைக்கும் எதையும் சும்மா விட்டுவிடாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் மொன்றியலின் வில்லரேப் பகுதியில் என் வீட்டுக்கு மேலே, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. சும்மா அண்ணை என்றால் தபால்காரனுக்கே தெரியும்.

அருங்காட்சியகத்தில் இலவசமாக உள்ளே விடும் ஞாயிறுகளை அவர் தவறவிட்டதில்லை. ஒரே எகிப்திய மம்மியை அவர் பார்த்த தடவைகளுக்கு, அது இந்நேரம் எழுந்து சுகம் விசாரித்திருக்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரைப் புறநகரான புரோசார்டில் பெரிய கடைகளில் பற்குச்சியில் குத்திக் கொடுக்கும் சீஸ் துண்டுக்காக ஒரு சுற்று தொப்பியோடும், மறு சுற்று தொப்பி இல்லாமலும் வருவார். சளிக்காய்ச்சல் ஊசி இலவசம் என்று கேள்விப்பட்டுப் போனவர், ஊசி போட்ட தமிழ்ப் பெண்ணிடம் மற்றக் கையையும் நீட்டினார்.

“இதுக்கும் போட்டுவிடும் பிள்ளை. சும்மா தானே?”

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதி நகரம் வீடு மாறும். வேண்டாத தளபாடமெல்லாம் நடைபாதைக்கு வந்துவிடும். அண்ணைக்கு அதுதான் தீபாவளி. ஒரு வருடம் சோபா ஒன்றை எங்கள் கட்டடத்தின் வெளிப்புறச் சுருள் படிக்கட்டில் ஏற்றப் போய், அது பாதியில் இறுகிக்கொண்டது. இரண்டு நாள் அங்கேயே நின்றது. மேலே போகிறவர்கள் அதில் ஏறி, இருந்து, இளைப்பாறிவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஜூலையில் அவருக்கு ஒரு கூடாரம் அகப்பட்டது. துணி மட்டும்தான், கம்பிகள் இல்லை. நான்கு வீடு தள்ளி யாரோ எறிந்திருந்த திரைச்சீலைக் கம்பிகளைப் பொறுக்கி வந்து பொருத்தினார். பின்னர், கூடாரம் சும்மா கிடைத்தால் நிலமும் சும்மா கிடைக்க வேண்டும் என்ற தர்க்கத்தின்படி விசாரித்து, வடக்கே ஒரு நாள் முழுக்கக் கார் ஓடினால் வரும் தேசியப் பூங்கா ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் உட்காட்டில் சில இடங்களில் கட்டணமில்லாமல் கூடாரம் அடிக்கலாம். தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, பதிவு இல்லை. ஒரு நெருப்புக் குழி, ஒரு மேசை, மலசலத்துக்கு மரத்தடியில் மூடி போட்ட பெட்டி. முந்தி வந்தவருக்கு இடம்.

தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்க வந்த நம்மவர் ஒருவர் கேட்டார்: “என்னண்ணை, அகதி முகாம் கூடாரத்திலயிருந்து தப்பித்தானே இஞ்சை வந்தனாங்கள்? திரும்பவும் போறியளோ?”

“அங்கை கூடாரத்தை விட்டு வெளியில போக விடேல்லை. இஞ்சை உள்ளுக்கு இரு எண்டு சொல்ல ஒருத்தனும் இல்லை. அதுதான் வித்தியாசம்.”

உள்ளுக்கு இரு என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். புரோசார்டில் இருக்கும் மகள் சுகந்தி. போன மாரிப் பனியில் அண்ணை அந்தச் சுருள் படியில் சறுக்கி விழுந்ததிலிருந்து, தன் வீட்டு பேஸ்மென்டுக்கு அவரைக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கூடாரச் செய்தி கேட்டு அன்று பின்னேரமே வந்து சேர்ந்தாள்.

“அப்பா, உங்களுக்கு என்ன விசரே? எழுபது தாண்டின மனிசன் காட்டுக்குள்ளை தனியப் படுக்கிறதோ? பேசாமல் எங்கட பேஸ்மென்டுக்கு வாங்கோ.”

“அங்கை சன்னல் எங்கை கிடக்கு? நிலமட்டத்தில. போற வாற ஆக்களின்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நான் இருக்கேலாது பிள்ளை.”

நெடுநேரம் வாதாடி ஓர் உடன்பாடு வந்தது. காட்டுக்குப் போய் ஒரு பிழையும் இல்லாமல் திரும்பினால் பேஸ்மென்ட் கதையை அவள் இனி எடுக்கமாட்டாள். ஏதாவது நடந்தால் அடுத்த கிழமை அண்ணை சாமான் கட்ட வேண்டும். நடுவராக அவள் என்னைப் பிடித்தாள்.

“மாமா, நீங்களும் போங்கோ. அப்பா சொல்லுறதை நான் நம்பமாட்டன். நீங்கள் பொய் சொல்லமாட்டியள்.”

உண்மைதான். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரச எழுதுவினைஞனாகத் தொடங்கி, முறைப்படி விசா எடுத்து விமானத்தில் வந்து, இங்கே ஓர் அனுமதிப்பத்திர அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன் நான். அரச அலுவலகத்தில் பொய் சொல்லும் தேவை வருவதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

புறப்படும் நாள் அண்ணை காரில் ஏற்றிய சாமான்களில் ரைஸ் குக்கரும் இருந்தது.

“அண்ணை, அங்கை கறண்ட் இல்லை எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு.”

“எழுதினவன் எல்லா மரத்துக்குப் பின்னாலையும் பாத்தவனே?”

எல்லாவற்றுக்கும் பிறகு, பொலித்தீனால் பல சுற்றுச் சுற்றிய கறுப்புப் பை ஒன்றைக் கொண்டுவந்து தன் இருக்கைக்குக் கீழே வைத்தார். என்னவென்று கேட்டேன். “அது கிடக்கட்டும்” என்றார். கருவாடாக இருக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு ஏரிக்கரை. அழகைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஏரி ஏரியைப் போலவே இருந்தது. நான் முதலில் அறிவித்தல் பலகையை வாசித்தேன், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். ஆங்கிலத்தில் கரடி கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டது. இரண்டிலும் விதி ஒன்றே: உணவு, சவர்க்காரம், பற்பசை, மணமுள்ள எதையும் கீழே வைக்கக்கூடாது. அதற்கென நட்டிருந்த உயரமான இரும்புக் கம்பத்தின் கொளுக்கியில் மாட்டிவிட வேண்டும். கொளுக்கி ஒன்றுதான் இருந்தது.

“அண்ணை, பொழுது படமுந்தி சாப்பாட்டுப் பையை ஏத்தவேணும்.”

“ஓம், ஓம். நீர் போய்த் தண்ணி அள்ளிக்கொண்டு வாரும். நான் கட்டிறன்.”

திரும்பி வந்தபோது கம்பத்தின் உச்சியில் ஒரு பை தொங்கிற்று. மங்கல் வெளிச்சம். விதி நிறைவேறியது என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டு, என் கூடாரத்தில் படுத்தேன். அது கடையில் வாங்கியது, கம்பிகளுடன்.

விடியற்காலையில் தகரம் உருளும் சத்தம் கேட்டது. அண்ணை ரைஸ் குக்கருக்கு மின்சாரம் தேடுகிறார் என்று எண்ணி எட்டிப் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கரடி இருந்தது. கரடியின் மடியில் ரைஸ் குக்கர். சுற்றிவர எங்கள் பாண், எங்கள் கருவாடு, எங்கள் முட்டை மட்டைகள்.

கரடியைக் கண்டால் ஓடாதே, அமைதியான குரலில் பேசிக்கொண்டு பின்வாங்கு என்பது பலகையில் இருந்த விதி. எனக்கு மனப்பாடம். குரல்தான் வரவில்லை. மற்றக் கூடாரத்தின் திரைச்சீலைக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து, விதியை வாசிக்காத மனிதர் மிக அமைதியான குரலில் பேசினார்.

“எடேய், அது தூளடா. சும்மா தின்னாதை. சோத்தோடை தின்னவேணும்.”

கரடி கேட்கவில்லை. அண்ணை வறுத்து இடித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள், ஒரு போத்தல் முழுக்க. ஒரு நக்கு. இரண்டாவது நக்கு. பிறகு அது தும்மிய தும்மலில் ஏரியின் மறுகரையில் பறவைகள் எழும்பின. கரடி தலைகீழாக ஏரிக்குள் பாய்ந்து, தண்ணீர் குடித்தபடியே நீந்திப் போய்விட்டது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்தில் பை பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணை, சாப்பாடு முழுக்கக் கீழ கிடந்ததெண்டால், மேல தொங்குறது என்ன?”

அவர் பதில் சொல்வதற்குள் பூங்காக் காவலர் படகில் வந்துவிட்டார். கியூபெக் இளம்பெண். கரடி நீந்தியதை ஏரியில் கண்டாராம்.

“பொன்ஜூர் மதாம், பிளேன்ரி?” என்றார் அண்ணை.

மதாம் தேநீர் கேட்கும் முகத்தோடு வரவில்லை. நீண்ட தடியால் பையை இறக்கி, பொலித்தீனை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே பிறப்புச் சான்றிதழ், மனைவியின் மரணச் சான்றிதழ், ஊரில் இப்போது கூரையில்லாத வீட்டின் உறுதிப் பத்திரம், பிரஜாவுரிமைப் பத்திரம், மகளின் பள்ளிக்கூட அறிக்கைகள், ரைஸ் குக்கரின் உத்தரவாத அட்டை. மணமுள்ள பொருள் ஒன்றுமே இல்லை.

உணவைக் கீழே விட்டுக் காகிதத்தை மேலே ஏற்றியது ஏன் என்று அந்தப் பெண் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தே பதில் சொன்னார்.

“முதல் முறை ஊரை விட்டு ஓடேக்கை சோத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள் தம்பி. ரெண்டு நாளில சோறு முடிஞ்சுது. பேந்து கன வருசம் நான் ஆரெண்டு காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. சோறு எங்கையும் ஆரும் தருவினம். கடுதாசி ஒருத்தரும் தரமாட்டினம்.”

நான் என் அலுவலக வாழ்க்கை முழுவதும் கவுண்டருக்கு உட்பக்கத்தில் இருந்து ‘மூலப் பிரதி எங்கே?’ என்று கேட்டவன். அண்ணை சொன்னதைப் பிரெஞ்சில் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அந்தப் பெண் பையைத் தானே திரும்பவும் சுற்றிக் கட்டினார். அந்த இடத்தை மூடவேண்டும், இது எச்சரிக்கை, அடுத்த முறை ஒரே பையில் இரண்டையும் ஏற்றுங்கள் என்றார். பிறகு பேனையை எடுத்து, இவருடைய குடும்பத்தில் யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். கரடிக்கு முன்னால் இல்லாத பயம் இப்போது முகத்தில் இருந்தது. சுகந்தியின் இலக்கம் என் சட்டைப் பையில் இருந்தது. விதிமுறைகள் தெரிந்திருப்பதன் பயன் இப்படியான வேளைகளில்தான். குடும்பத்தவர் என்றுதான் கேட்கிறீர்களா, அல்லது ஒரே முகவரியில் வசிப்பவரும் போதுமா என்று விசாரித்தேன். போதும் என்றார். என் இலக்கத்தைக் கொடுத்தேன்.

பக்கத்து இடத்துக்கு மாறி, மிஞ்சிய பிஸ்கற்றில் அடுத்த இரவையும் கழித்தோம். அதுவும் இலவசம்.

வீட்டுக்கு வந்தபோது சுகந்தி படிக்கட்டின் அடியில் காத்து நின்றாள். தகப்பனைச் சுற்றிவந்து பார்த்தாள். முழுதாக இருந்தார். பிறகு என்னிடம் வந்தாள்.

“மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. என்ன நடந்தது?”

“ஒரு விருந்தாள் வந்து சாப்பிட்டிட்டுப் போனவர்.”

“குடும்பமாவோ?”

“இல்லை, தனிய.”

“தமிழ் ஆளோ?”

“இல்லைப் பிள்ளை. உறைப்புத் தாங்கேல்லை.”

“பாவம்” என்றாள் சுகந்தி. “வெள்ளைக்காரருக்கு அப்பா ஏன் உறைப்புக் குடுக்கிறார்?”

அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல என்பதால் நான் பதில் சொல்லவில்லை.

இப்போதும் காலையில் என் தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்கிறது. சுருள் படியில் ஏறும்போது கைபிடியை இறுகப் பிடிக்கிறார். பனி விழுந்தால் உப்புப் போடுவது நான். இந்தக் கோடையும் அதே ஏரிக்குப் போகிறோம். நேற்று என் பத்திரங்களை ஒரு உறையில் போட்டு மேலே கொண்டுபோனேன், அந்தக் கறுப்புப் பையில் சேர்த்துவிடச் சொல்லி.

அண்ணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உமக்கு ஏன் இது? நீர் ஓடி வந்த ஆளில்லையே, தம்பி?”

“இனி ஓடவேண்டி வந்தால் உங்களோடைதானே அண்ணை ஓடப்போறன்” என்றேன்.