பிடித்து விட்டதும் விட்டுப் பிடித்ததும்

"இண்டையில இருந்து நான் பிடிக்கிற மீன் ஒண்டும் இந்தக் குசினிக்குள்ள வராது" என்று கிறிஸ்தோப்பர் அறிவித்தார்.

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் மெதுவாக வைத்தார். பெரிய தீர்மானம் எடுத்தவர்கள் கோப்பையை அப்படித்தான் வைப்பார்கள்.

புனிதம் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். தலையை எடுக்கவில்லை.

"இவ்வளவு காலமும் எந்த மீன் வந்தது?"

நியாயமான கேள்வி. அலம்பில் கடற்கரையில் பிறந்து, அலைச் சத்தத்திலேயே வளர்ந்து, தலைமயிர் நரைக்கும் வரைக்கும் கிறிஸ்தோப்பர் ஒரு மீனைப் பிடித்ததில்லை. அவர் படகு என்ஜின் திருத்துகிறவர். விடிந்தால் பொழுதுபடும் வரை தகரக் கொட்டிலுக்குள் ஏதாவது ஒரு என்ஜின் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் காலை விட்டுக்கொண்டு கத்தும். அந்தக் கத்தலில் அவருடைய இடது காது பாதி போய்விட்டது. கட்டிலில் புனிதம் படுக்கிற பக்கமும் அதுதான். ஆகையால் அதை ஒரு குறையென்று அவர் யாரிடமும் முறையிட்டது கிடையாது.

மீனுக்கும் அந்த வீட்டில் குறையில்லை. என்ஜின் கொண்டுவருகிற எவனும் வெறுங்கையோடு வரமாட்டான். ஒரு கோர்வை மீன் கையில் தொங்கும். "அக்கா, குழம்புக்கு" என்று புனிதத்திடம் கொடுத்துவிட்டுத்தான் கொட்டிலுக்குப் போவான்.

அப்படி இருந்த மனிதரை மாற்றியவன் விஜிதரன். பக்கத்து வீட்டு இராசமலரின் மகன். சின்ன வயதில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவன், தாயைப் பார்க்க வந்து நின்றான். வாடகைக்கு எடுத்த வள்ளத்தின் என்ஜின் அடிக்கடி நிற்கிறது என்று கிறிஸ்தோப்பரிடம் வந்தான். அவர் திருத்திக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்க இருவருமாக, கடலோடு சேர்கிற நாயாற்றுக் களப்புக்குள் போனார்கள். களப்பின் நடுவில் விஜிதரன் என்ஜினை நிற்பாட்டினான்.

என்ஜின் பழுதாகி நிற்பதைக் கிறிஸ்தோப்பர் ஆயிரம் தடவை கண்டிருக்கிறார். நன்றாக ஓடுகிற என்ஜினை ஒரு மனிதன் வேண்டுமென்றே நிற்பாட்டியதை அன்றைக்குத்தான் கண்டார். சத்தம் போன இடத்தில் களப்பு வந்து நிரம்பியது. கண்டல் மரங்கள் தண்ணீருக்குள்ளும் தலைகீழாக நின்றன. ஒரு கொக்கு தன் நிழலில் கால் வைத்து நடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க ஒரு கோடுகூட இல்லை. வள்ளம் இரண்டுக்கும் நடுவில் தொங்குவது போல இருந்தது. போன காதுகூடக் கேட்பது போல இருந்தது.

விஜிதரன் ஒரு தூண்டில் தடியை அவர் கையில் கொடுத்தான். நூல் தலைமயிர் மாதிரி மெல்லியது. சிறிது நேரத்தில் அது நடுங்கியது. இழுத்தால் ஒரு விளைமீன். வெள்ளிப் பக்கமும் மஞ்சள் ஓரமும், வட்டமான பெரிய கண்ணும். அந்தக் கண் அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

விஜிதரன் கையை நனைத்துக்கொண்டு மீனை வாங்கி, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் போலத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, விட்டுவிட்டான்.

"ஏன் விட்டனீர்?"

"அங்க எங்கட போட்டியள் உப்பிடித்தான் அண்ணை. இதின்ர இனத்தானைப் பிறீம் எண்டு சொல்லுவினம். பிடிக்கிறது, உயிரோட நிறுக்கிறது, விடுறது. இஞ்சையும் ஒரு போட்டி வைப்பம் எண்டு நினைக்கிறன்."

கிறிஸ்தோப்பர் வீட்டுக்கு வந்து கோப்பையை மெதுவாக வைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு கொட்டில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. என்ஜின்கள் சிலாவத்தையிலிருந்த வேறொருவனிடம் போயின. மீன் கோர்வைகளும் அதே வழியால் போயின. கணவன் தினமும் மீன்பிடிக்கப் போகிற வீட்டில் புனிதம் சோயாமீற் சமைத்தாள்.

"இறைச்சி நல்லா அவிஞ்சிருக்கு" என்றார் கிறிஸ்தோப்பர்.

புனிதம் வெறும் சோயாமீற் பைக்கற்றை மடித்து அடுப்புக்குள் போட்டாள்.

மாலையில் முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு அவர் தந்திரங்களை விளங்கப்படுத்துவார். கேட்பதற்கு வேறு யாரும் இல்லாதபடியால் புனிதத்துக்கு.

"முதலாவது, சத்தம் கூடாது. வள்ளப் பலகையில கால் தட்டினாலே விளைமீனுக்குத் தெரியும்."

"ம்."

"மீன் நிக்கிற இடத்துக்கு எறியக்கூடாது. அதுக்கு அங்கால எறிஞ்சு, அதின்ர மூக்குக்கு முன்னால மெல்ல மெல்லக் கொண்டுவரவேணும். ஆத்துவாய்ப் பக்கம் நீர் வத்தத் தொடங்கேக்க பாலத்துத் தூணடியில நிக்கும். கடிச்ச உடன இழுக்கப்படாது. அது நம்பட்டும்."

"நம்பினாப் பிறகு?"

"பேந்து இழுக்கலாம். இன்னொண்டு, மீன் இருக்கிற இடத்தை விட்டிட்டு மீன் தேடிப் போகப்படாது. அதுதான் பெரிய பாடம்."

"அது எனக்கு விளங்குது" என்றாள் புனிதம். "நாளைக்குச் சந்தைக்குப் போகேக்க நினைக்கிறன்."

"போட்டிக்கு அஞ்சு மீன்தான் கணக்கு. அஞ்சும் பீப்பாவுக்குள்ள உயிரோட நிக்கவேணும். ஆறாவது பெரிசா வந்தால் சின்னனை விட்டிட்டு அதை வைக்கலாம்."

"விட்ட மீன் எங்க போகும்?"

இந்தக் கேள்வி கிறிஸ்தோப்பரின் நெஞ்சைத் தொட்டது. இத்தனை வருடத்தில் புனிதம் அவருடைய தொழிலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தூரம் போகாதப்பா. பாவம், களைச்சுப் போயிருக்கும். கிட்ட இருக்கிற நிழலுக்க போய்ப் பேசாமல் நிக்கும். கண்டல் வேருக்க எண்டு வையும். அங்க நிண்டு மூச்சு வாங்கித்தான் பேந்து போகும்."

"கனநேரம் நிக்குமோ?"

"நிக்கும். நான் எத்தினையோ தரம் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்." அவருடைய கண் கலங்கியது. "எங்களை மாதிரித்தான், புனிதம்."

போட்டிக்குச் சனிக்கிழமை குறித்தார்கள். அதே சனிக்கிழமை மத்தியானம் பரந்தனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மகள் டக்சாயினிக்கும் அவர்களுடைய மகன் றொசானுக்கும் கலியாணப் பேச்சு முற்றாகிற சாப்பாடு. மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தா: "நாங்கள் வயல்காரர். உங்கட பக்கம் வந்தால் மீன்தானே."

புனிதம் இதைக் கணவனுக்கு மூன்று முறை சொன்னாள். அவர் மூன்று முறையும் தலையாட்டினார். அவர் தலையாட்டியது தண்ணீருக்குள் ஆடுகிற நூலுக்கு. வெள்ளி காலையில்தான் இரண்டும் ஒரே நாள் என்பது அவருக்கு உறைத்தது. தோட்டத்தில் அங்குமிங்கும் நடந்தார். நடக்கும்போதே ஒரு யுக்தி தோன்றியது. அங்கால எறிந்து மெல்லக் கொண்டுவருவது.

"இஞ்சேரும். நாளைக்கு விருந்தாளியள் எல்லே. சந்தை மீன் சரிவராது. நான் வெள்ளண நாயாத்துக்குப் போய், வள்ளம் வரேக்க நல்ல மீனாப் பாத்து எடுத்துக்கொண்டு வாறன்."

"தூண்டில் தடியும் கொண்டு போறீங்களோ?"

"அது சும்மா. நேரம் போகவேணுமே."

"ஓம், போங்கோ" என்றாள் புனிதம்.

கிறிஸ்தோப்பர் ஒரு கணம் திகைத்தார். இவ்வளவு கெதியாக ஓம் என்பது புனிதத்தின் பழக்கமில்லை. ஆனால் மீன் கவ்விவிட்டது. கவ்விய மீனிடம் ஏன் கவ்வினாய் என்று கேட்க முடியாது. மறுநாள் விடியுமுன் அவள் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். மோட்டச்சைக்கிளின் பின்னால் பீப்பாவைக் கட்டுவதற்குக் கயிறும் பிடித்தாள். வழியெல்லாம் அவர் தன்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து மெல்லச் சிரித்துக்கொண்டே போனார்.

விடியும்போது களப்பில் பனிப்புகார். வள்ளங்கள் ஒன்றையொன்று காணாமல் பிரிந்து போயின. கிறிஸ்தோப்பர் இரவல் வள்ளமொன்றில் கோல் ஊன்றி, மூச்சை அடக்கி, பாலத்துத் தூண்களின் பக்கம் போனார். நீர் வற்றத் தொடங்கியிருந்தது. தூணைச் சுற்றிக்கொண்டு அது பின்னல் பின்னலாகக் கடல் பக்கம் போனது. அந்தப் பின்னலுக்கு அப்பால் எறிந்து, நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவிட்டார். சூரியன் எழும்பிப் புகாருக்குள் பால்போல் கரைந்தது. நேரம் என்ற ஒன்று இருப்பதை அவர் மறந்தார். மாப்பிள்ளை வீட்டையும் மறந்தார். தான் கிறிஸ்தோப்பர் என்பதையும் கொஞ்சம் மறந்திருக்கக்கூடும். நூல் நடுங்கும்போது மட்டும் திரும்பி வந்தார்.

மற்றவர்கள் இடம் மாறி இடம் மாறி ஓடினார்கள். அவர் அசையவில்லை. மீன் இருக்கிற இடத்தை விட்டு மீன் தேடிப் போகவில்லை. பீப்பாவில் ஐந்து சேர்ந்தது. கடைசி நேரத்தில் தடி வில்லாக வளைந்தது. இழுக்காமல் காத்தார். அது நம்பட்டும் என்று இருந்தார். வந்தது ஒரு விளைமீன், தேங்காய்த் தட்டு அகலம். சின்னதைக் கும்பிட்டு விட்டுவிட்டு அதைப் பீப்பாவில் வைத்தார்.

பாலத்தடியில் தறப்பாள் பந்தல் கட்டி, விஜிதரன் ஒவ்வொருவருடைய மீனாகத் தராசில் நிறுத்தான். நிறுத்ததைக் கண்டல் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் விட்டார்கள். கரையில் நின்ற சனம் ஒவ்வொரு மீன் போகும்போதும் ஒரு பெருமூச்சு விட்டது. கிறிஸ்தோப்பரின் பெரிய மீன் அவருடைய காலடியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு வாலை ஆட்டிக்கொண்டு கண்டல் நிழலுக்குள் மெதுவாகப் போனது. அவருடைய கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. களப்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்.

முதற் பரிசு அவருக்கு. இரண்டு பக்கமும் காது வைத்த, மினுங்குகிற பெரிய கோப்பை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படத்துக்கு நின்றார். கைதட்டினார்கள். யாரோ, "அண்ணை வீட்ட இண்டைக்கு விருந்துதான்" என்றார்கள்.

விருந்து என்ற சொல் தூண்டில் ஊசி மாதிரி உள்ளே போனது.

மீன். அவர் மீன் கொண்டுபோக வேண்டும். சுற்றிப் பார்த்தார். கடலுக்குப் போகிற வள்ளமெல்லாம் போட்டிக்கு வந்து கரையில் கிடந்தது. கடலில் ஒருவரும் இல்லை. மோட்டச்சைக்கிளை எடுத்துச் செம்மலைக்குப் போனார். இல்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவுச் சந்தைக்குப் போனார். மீன் பகுதியில் ஒரு பூனை படுத்திருந்தது. அதுவும் அவரைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. ஒரு கடையில் சோயாமீற் பைக்கற்றுகள் தொங்கின. கையை நீட்டினார். பரந்தன் சம்பந்தியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கையை எடுத்தார்.

மகளின் கலியாணத்தை ஒரு கோப்பைக்காகக் குழப்பிவிட்டேன் என்று தன்னையே ஏசிக்கொண்டார். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தார். தெருவெல்லாம் பொய் தேடி, ஒன்றும் அகப்படாமல் படலையடியில் வந்து இறங்கினார். வாசலில் பரந்தன்காரர் வந்த வான் நின்றது.

விளைமீன் குழம்பு மணம் வந்தது.

பழப்புளியும் வெந்தயமும் கறிவேப்பிலையும். பொரியல் மணமும் சேர்ந்து வந்தது. கூடத்தில் சம்பந்திமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டக்சாயினி பரிமாறினாள். றொசான் தலையைக் குனிந்தபடி மீனையும், நிமிர்ந்தபோது டக்சாயினியையும் பார்த்தான். மாப்பிள்ளையின் தகப்பன் எலும்பைச் சூப்பிக்கொண்டே, "வாங்கோ சம்பந்தி. உப்பிடி ஒரு மீன் நாங்கள் பரந்தனில கண்டதில்லை" என்றார்.

மூலையில் ஒரு கதிரையில் விஜிதரன் இருந்தான். மடியில் தட்டு நிறையச் சோறு. கிறிஸ்தோப்பரைக் கண்டதும் அவனுடைய கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

கிறிஸ்தோப்பர் பரிசுக் கோப்பையை அணைத்தபடியே குசினிக்குள் போனார்.

"புனிதம், இது எங்க வாங்கினது?"

"வாங்கேல்லை."

"அப்ப?"

"நீங்கள் விட்டது. நானும் இராசமலரக்காவும் ஓட்டோ பிடிச்சு நாயாத்துக்கு வந்தனாங்கள். போட்டியண்டைக்குக் கடலுக்கு ஒருத்தரும் போகமாட்டினம் எண்டு வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். போட்டி முடியட்டும் எண்டு காத்துக்கொண்டு நிண்டிட்டு, நீங்கள் படத்துக்கு நிக்கேக்க கண்டலுக்கு மற்றப் பக்கத்தால வலையைப் போட்டனாங்கள். எல்லாம் நிழலுக்க பேசாமல் நிண்டதுகள். நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

"விஜிதரன் கண்டவனோ?"

அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த இராசமலர் திரும்பினா.

"கண்டவன். என்னம்மா செய்யிறியள் எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தவன். வந்து நாலு கிழமையாய் என்ர கையால ஒரு மீன்குழம்பு தின்னேல்லையடா, பிடி அந்த வலைத் தலைப்பை எண்டன். பிடிச்சவன்."

கிறிஸ்தோப்பர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழம்புக்குள் அகலமான ஒரு துண்டு, தேங்காய்த் தட்டு அளவு, தன்பாட்டில் கிடந்தது. அவருக்குத் துக்கம் வந்தது. துக்கத்தோடு பசியும் வந்தது. காலையிலிருந்து புட்டுப் பொட்டலத்தை அவிழ்க்கவே இல்லை.

"எனக்கு அந்தத் தலைப்பக்கத்தை எடுத்து வையும்" என்றார் மெதுவாக.

"வைச்சிருக்கிறன். முதல்ல அதை இஞ்ச தாங்கோ."

"எதை?"

"அந்தக் கோப்பையை. சொதி விட ஏனம் காணாது."

கிறிஸ்தோப்பர் கிணற்றடிக்குப் போய், அதைச் சாம்பல் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார்.