உப்பு சேர்க்காதவர் செய்யவிருந்த உப்புக் குற்றம்

செங்கல்பட்டு
28-11-1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

வசந்தா அநேக நமஸ்காரம். டில்லிக் குளிரில் நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே நானும் பசுவும் சௌக்கியம். உங்கள் மாப்பிள்ளை ஜெயிலில் இருக்கிறார்.

தலைமை தாங்கக் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத மனுஷர் என்பது உங்களுக்குத் தெரியும். வாசகசாலை ஆண்டு விழா, சடுகுடுப் போட்டி, எதுவானாலும் 'தலைமை: ஆசிரியர் ஜானகிராமன்' என்று நோட்டீஸ் அடித்த பிறகுதான் அவரிடமே சொல்வார்கள். அப்படித்தான் போன மாதம் கோவளத்தில் உப்பளத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுக் கூட்டிய கூட்டத்திலும் மாலை போட்டு உட்காரவைத்தார்கள். பேசியது இரண்டே வாக்கியம், மீதி நேரம் நாற்காலியிலேயே தூக்கம். போன வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். "மன்னிச்சுக்குங்க சார், எம் பொண்ணு கல்யாண வரவேற்புக்கே நீங்கதான் தலைமை. மேலேர்ந்து உத்தரவு, நான் இன்னா செய்யறது?" என்று ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு அவரை அழைத்துப் போய்விட்டார். தடுப்புக்காவல் சட்டமாம். ஐந்தாம் நாள் காரணம் எழுதி அனுப்பினார்கள்: பொதுமக்களுக்கு உப்பு கிடைக்காமல் செய்துவிடக் கூடியவர். அண்ணா, ரத்தக் கொதிப்புக்காக இரண்டு வருஷமாக உப்பே சேர்க்காத மனுஷர்! செய்தார் என்றால் செய்யவில்லை என்று சாட்சி சொல்லலாம். செய்யப்போகிறார் என்றால் யாரைக் கூட்டிவந்து மறுப்பது? விசாரிக்கிற சபைக்கு வக்கீலும் வரக்கூடாதாம்.

பால் கறக்க வரும் கன்னியம்மா கேட்டாள்: "வாத்யாரு இன்னாம்மா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலை. பண்ணுவார்னு சர்க்காருக்குச் சந்தேகம்."

"அய்ய! அப்போ எம் வூட்டுக்காரனை ஏம்மா வுட்டு வச்சிகிறாங்க? அது பண்ணும்னு ஊருக்கே தெரியுமே!"

இந்தச் சட்டத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கப் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு வருகிறதாமே. போன தடவை நீங்களும் கை தூக்கினீர்கள். பேப்பரில் பார்த்து நானும் பெருமைப்பட்டேன். அப்போது அது வேறு யாரையோ பிடிக்கிற சட்டம். இப்போது அவரை விடச் சொல்லி யாரிடமும் சிபாரிசுக்குப் போகாதீர்கள். சட்டத்தைக் குறை சொல்லிவிட்டுச் சலுகை கேட்பது எனக்கே வெட்கமாக இருக்கும். இந்தத் தடவை உங்கள் கை மேலே போகாமல் இருந்தால் போதும். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
வசந்தா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்த்து வந்தேன். முகம் வீங்கியிருக்கிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே குழம்பு, உப்பில்லாமல் தனியாகச் சமைக்க விதியில்லையாம். "சாப்பாடு ரொம்ப ருசி வசந்தா" என்று சிரிக்கிறார். அண்ணா, மேலே எழுதியதெல்லாம் இருக்கட்டும். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி அவரை மட்டும் வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் தூக்கிக்கொள்ளுங்கள்.